சிறுகடனும் சிற்றூர் வாழ்வும்

சென்னையிலிருந்து புகைவண்டியில் புறப்பட்டு, அரக்கோணம் கடந்து ரேணிகுண்டா வந்து சேர்ந்தோர் பெரும்பாலும் திருமலை வேங்கடவனை நாடி மேற்கே திரும்பிவிடுவர். அவ்வாறு திரும்பாமல் கூடூர் செல்லும் பாதையில் சென்றால், திருக்காளத்திக்கு முன்னே ஏர்பேடு என்னும் நிலையம் வரும். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் முதல் புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. சாதி வேற்றுமையும் ஆண் பெண் வேற்றுமையும் பாராமல் வடமொழிக் கல்வியை எல்லார்க்கும் திறந்துவிட்ட மலையாள சுவாமிகள், 1926இல் தம் வியாசாசிரமத்தை இங்கேதான் நிறுவினார். அண்மை ஆண்டுகளில் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் இவ்வட்டாரத்தில் எழுந்துள்ளன. பழைய ஆசிரமத்திற்கும் புதிய கழகங்களுக்கும் இடையே, நெல்லும் நிலக்கடலையும் விளையும் சிற்றூர்கள் தம் வழக்கமான வாழ்வை நடத்திவருகின்றன.

இப்பக்கத்துச் சிற்றூர்களில் பெண்கள் கூடிப் பேசும் இடத்தில் 'டுவாக்ரா' என்னும் சொல் அடிக்கடி காதில் விழும். ஊரகப் பெண்கள், குழந்தைகள் முன்னேற்றத்திற்காக 1982ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அரசாங்கத் திட்டம் ஒன்றின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அது. அத்திட்டம் மறைந்து வேறு திட்டங்கள் வந்துவிட்டன. ஆயினும் பெண்களின் சேமிப்புச் சங்கத்திற்கு அப்பெயரே மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

இச்சங்கங்களும், இவற்றைப் போன்று ஏழை மக்களுக்குச் சிறுகடன் வழங்கும் நிறுவனங்களும் நாட்டுக்கு என்ன செய்துள்ளன? கடன் கொடுத்தன, வட்டி வாங்கின என்று சொல்லி நிறுத்திவிடலாமா? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு ஆந்திர நாட்டைப் போல் ஏற்ற இடம் வேறில்லை. சிறுகடனால் விளைந்த பெருநன்மையையும் பெருங்கேட்டையும் ஒருங்கே கண்ட நாடு அது. பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களுக்கும் அவ்வரலாற்றில் பாடம் உண்டு.

வட்டியின் கணக்கு

முதலில் வட்டியின் கணக்கைப் பார்ப்போம். நாட்டுப்புறத்தில் வட்டியை ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று பேசுவதில்லை. நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்றே பேசுவர். 'மூன்று ரூபாய் வட்டி', 'ஐந்து ரூபாய் வட்டி' என்று சொல்லும்போது அது சிறு தொகையாகவே காதில் ஒலிக்கிறது. ஆனால் நூற்றுக்கு மூன்று என்பது ஆண்டுக்கு 36 ஆகிறது. ஐந்து என்பது 60 ஆகிறது. விதைக்கடலை வாங்குவதற்காக ஓர் ஏழைக் குடியானவர் 10,000 ரூபாயை ஐந்து ரூபாய் வட்டிக்கு வாங்கிப் பத்து மாதம் கழித்துத் திருப்பினால், வட்டி மட்டும் 5,000 ரூபாய் ஆகிவிடும். விளைச்சல் நன்றாயிருந்தாலும் அதில் பெரும்பகுதி கடன் கொடுத்தவர் கைக்கே போய்ச் சேரும். மழை பொய்த்துவிட்டாலோ, பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்க நேரும். இச்சுழலில் ஒருமுறை கால் வைத்தவர் கரையேறுவது அரிது.

இதனை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. சென்னை மாகாண அரசாங்கத்தின் பொருட்டு, பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி ஐரோப்பிய நாடுகளின் ஊர்ப்புற நாணயச் சங்கங்களை ஆராய்ந்து, 1895லும் 1897லும் இரு பகுதிகளாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரெய்பைசன் என்பவர் ஏழைக் குடியானவர்களை ஒன்றுகூட்டிக் கடன் சங்கங்கள் அமைத்ததை அவர் பெரிதும் போற்றினார். சட்டமும் பணமும் மட்டும் போதா. ஊரை ஒன்றுசேர்க்கும் அத்தகைய மனிதர் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. 1904இல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திருவூரில் நாட்டின் முன்னோடிச் சங்கங்களுள் ஒன்று தொடங்கப்பட்டது. அந்நாளில் ஏர்பேடும் திருவூரும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்த பின்னரே இப்பகுதி வேறாயிற்று.

கூட்டுறவுச் சங்கங்கள் நிலமுடைய உழவர்க்குப் பெரும் துணையாயின. ஆனால் நிலமில்லாக் கூலிக்காரர்க்கும், பெயரில் சொத்தில்லாப் பெண்களுக்கும் அச்சங்கங்களின் கதவு பெரும்பாலும் திறக்கவில்லை. ஈடு வைக்க நிலம் இல்லாதார்க்கு யார் கடன் கொடுப்பார்? அக்கதவைத் திறந்தவர்கள், வியப்புக்குரிய வகையில், எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வந்த ஏழைப் பெண்களே.

நெல்லூர்ப் பெண்கள் செய்த புரட்சி

ஏர்பேட்டிலிருந்து வடக்கே சென்றால் நெல்லூர். அம்மாவட்டத்தில் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதியோர் கல்வி இயக்கம் ஒன்று ஊர்தோறும் நடைபெற்றது. பகலெல்லாம் வயலில் உழைத்த பெண்கள் இரவில் விளக்கடியில் கூடி எழுத்துக் கற்றனர். அவர்கள் படித்த பாடங்களுள் ஒன்று, ஒரு பெண் தன் ஊரில் இருந்த சாராயக் கடையை மூடச் செய்த கதை. கதையைப் படித்தவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. கணவன் கூலியெல்லாம் சாராயத்தில் கரைவதை நாள்தோறும் கண்டவர்கள் அவர்கள். தூபகுண்டா என்னும் சிற்றூரில் ரோசம்மா முதலிய பெண்கள் திரண்டு சென்று சாராயக் கடையை மூடச் செய்தனர். 1992இல் அத்தீ மாவட்டம் முழுதும் பரவியது. பின்னர் ஆந்திர நாடெங்கும் பரவியது. 1993 அக்டோபர் முதல் மாநிலம் முழுதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் வந்த முழு மதுவிலக்கு 1997இல் தளர்த்தப்பட்டது என்பது வேறு செய்தி.

சாராயத்திற்குப் போகாமல் வீட்டில் நின்ற பணத்தை என்ன செய்வது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. நாளொன்றுக்கு ஒரு ரூபாய் சேமிப்போம் என்று அப்பெண்களுள் பலர் தீர்மானித்தனர். நெல்லூர் மாவட்ட ஆட்சியினர் இதற்குத் துணை நின்றனர். 'பொதுபு லட்சுமி' என்று இத்திட்டத்திற்குப் பெயர் வந்தது. பொதுபு என்றால் தெலுங்கில் சிக்கனச் சேமிப்பு. பின்னாளில் ஆந்திர நாட்டில் பல இலட்சம் பெண்கள் சங்கங்களில் சேர்ந்ததற்கு இந்த ஒரு ரூபாய் ஒரு பெரிய வித்தாயிற்று.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பெண்களுக்கு முதலில் வந்தது கடன் அன்று. முதலில் எழுத்து வந்தது. பிறகு ஒற்றுமை வந்தது. பிறகு சேமிப்பு வந்தது. கடன் கடைசியில்தான் வந்தது. இந்த வரிசையை மறவாதிருப்போமாக.

சங்கம் நடக்கும் முறை

ஒரு சங்கத்தில் பத்து முதல் இருபது பெண்கள் இருப்பர். பதினைந்து பேர் நாளுக்கு ஒரு ரூபாய் சேமித்தால் மாதம் 450 ரூபாய், ஆண்டுக்கு 5,400 ரூபாய் சேரும். தொகை சிறிதுதான். ஆனால் அது அவர்களுடைய பணம். அதிலிருந்து ஒருத்தி மகனுடைய பள்ளிப் புத்தகத்திற்குக் கடன் வாங்குவாள்; இன்னொருத்தி மருந்துக்கு வாங்குவாள். அவர்கள் கொடுக்கும் வட்டியும் வெளியே போகாமல் பொதுப்பெட்டிக்கே திரும்பும்.

தவறாது கூடுதல், தவறாது சேமித்தல், தமக்குள் கடன் கொடுத்தல், தவணையில் திருப்புதல், கணக்கைச் செம்மையாக எழுதுதல் ஆகிய ஐந்தும் இச்சங்கங்களின் ஐந்து நெறிகள். ஆறு மாதம் இவ்வாறு ஒழுங்காக நடந்த சங்கத்தை வங்கிகள் கடனுக்குத் தகுதியுடையதாகக் கருதும். ஈடாக நிலமோ நகையோ கேட்பதில்லை. அவர்களுடைய கணக்குப் புத்தகமே ஈடு. வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியாகிய நபார்டு 1992இல் 500 சங்கங்களை வைத்து இம்முறையைச் சோதித்துப் பார்த்தது. தமிழ்நாட்டில் 1989இலேயே தருமபுரி மாவட்டத்தில் பெண்கள் குழுத் திட்டம் தொடங்கிவிட்டது; பின்னர் மகளிர் திட்டமாக விரிந்தது அதுவே.

ஆந்திரத்தில் 2000ஆம் ஆண்டில் 'வெலுகு' என்னும் வறுமை ஒழிப்புத் திட்டம் வந்தது. வெலுகு என்றால் ஒளி. சங்கங்கள் சேர்ந்து ஊர்க் கூட்டமைப்பாகவும், ஊர்க் கூட்டமைப்புகள் சேர்ந்து மண்டலக் கூட்டமைப்பாகவும் உயர்ந்தன. 2004இல் 'பாவலா வட்டி' வந்தது. பாவலா என்பது நாலணா. நூற்றுக்கு மாதம் நாலணா, அதாவது ஆண்டுக்கு 3 விழுக்காடு மட்டும் பெண்கள் கொடுத்தால் போதும். மிகுதியை அரசாங்கம் ஏற்கும் என்பது ஏற்பாடு. ஐந்து ரூபாய் வட்டிக்குக் கை நீட்டிய பெண்ணுக்கு நாலணா வட்டி என்றால் அது எத்துணை பெரிய விடுதலை!

வட்டி குறைந்ததோடு நிற்கவில்லை. பல ஊர்களில் பெண்கள் சங்கங்களே நெல்லைக் கொள்முதல் செய்தன. எடைக்கல்லும் தராசும் பெண்கள் கையில் வந்தன. கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் சத்துணவு நிலையங்களை ஊர்க் கூட்டமைப்புகள் நடத்தின. 2009இல் தொடங்கிய முதுமைக்கால ஓய்வூதியத் திட்டம் ஒன்றில், பெண் நாளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் அரசாங்கம் ஒரு ரூபாய் சேர்த்தது. 2016 முதல் நடைபெறும் இயற்கை வேளாண்மைத் திட்டமும் இச்சங்கங்களின் வழியாகவே ஊர்களுக்குள் நுழைந்தது. 2024இல் அத்திட்டத்திற்குக் குல்பென்கியன் பரிசு என்னும் உலகப் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது.

அரசாங்கம் சாராத தொண்டு நிறுவனங்களும் இவ்வழியில் நடந்தன. திருப்பதியில் 1981இல் இராயலசீமா சேவா சமிதி என்று தொடங்கி, பின்னர் ராஷ்ட்ரிய சேவா சமிதி என்று பெயர் விரிந்த நிறுவனம் பெண்கள் சங்கங்களை அமைத்ததோடு குழந்தைகள் காப்பகங்களையும் நடத்தியது. ஏர்பேட்டுக்கு அண்மையில் உள்ள கரகம்பாடியில் அதன் உழவர் அறிவியல் நிலையம் இருக்கிறது. கடன் வாங்கிய பெண்ணின் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார், அவள் விதைத்த பயிரை யார் வந்து பார்ப்பார் என்றெல்லாம் எண்ணிச் செயற்படும் நிறுவனமே ஊரை வளர்க்கும் நிறுவனம்.

கூட்டம் கலைந்தபோது வந்த கேடு

இத்தகைய நாட்டிலேயே 2010ஆம் ஆண்டின் கொடுமையும் நிகழ்ந்தது.

பெண்கள் கடனைத் தவறாது திருப்புவர் என்ற செய்தி பரவியதும், இலாபம் கருதிய நிறுவனங்கள் இத்துறையில் விரைந்து புகுந்தன. வங்காளதேசத்தில் முகமது யூனுஸ் 1976இல் சிறுகடன் முயற்சியைத் தொடங்கியதும், 2006இல் அவருக்கும் கிராமின் வங்கிக்கும் நோபெல் பரிசு கிடைத்ததும் இத்துறைக்குப் பெரும்புகழை அளித்திருந்தன. 2010 ஆகஸ்டில் ஆந்திரச் சிறுகடன் நிறுவனம் ஒன்று பங்குச் சந்தையிலும் ஏறியது.

இந்நிறுவனங்களும் பெண்களைக் குழுவாகவே அமர்த்தின. ஆனால் அக்குழு சேமிப்பதற்காகக் கூடியதன்று. தவணை கொடுப்பதற்காகக் கூடியது. அலுவலர்களுக்கு இத்தனை கடன் கொடுக்க வேண்டும் என்ற இலக்கு இருந்தது. ஒரே பெண்ணுக்கு மூன்று நான்கு நிறுவனங்கள் கடன் கொடுத்தன. ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட மற்றொன்றில் கடன் வாங்கினாள் அவள். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர் அவள் வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று. முன்பு சாராயக் கடைக்கு எதிராகத் திரண்ட பெண்கள், இப்போது தம்முள் ஒருத்திக்கு எதிராகத் திரளும் நிலை வந்தது. ஒற்றுமையே வசூல் செய்யும் கருவியாகிவிட்டது. கடன் தாங்காமல் பலர் உயிரை மாய்த்துக்கொண்டனர் என்ற செய்திகள் நாட்டை உலுக்கின. 2010 அக்டோபர் 15ஆம் நாள் ஆந்திர அரசாங்கம் அவசரச் சட்டம் பிறப்பித்து இந்நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியது. வசூல் நின்றது, புதுக்கடனும் நின்றது. நேர்மையாக நடந்த நிறுவனங்களும் அந்த வெள்ளத்தில் அடிபட்டன.

கடல் கடந்த நம் உறவினரும் இத்துன்பத்தை அறிவர். ஈழத்தில் போர் ஓய்ந்த 2009க்குப் பின், வடக்கிலும் கிழக்கிலும் குடும்பத் தலைவரை இழந்த பெண்களின் வாசலுக்குச் சிறுகடன் நிறுவனங்கள் வந்தன. கடன் பெருகித் துயரம் மிகவே, 2018இல் இலங்கை அரசாங்கம் வறட்சியால் நலிந்த மாவட்டங்களில் பெண்களின் சிறுகடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. தமிழ்நாட்டிலும் வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

ஆராய்ச்சி சொல்லும் உண்மை

அப்படியாயின் சிறுகடன் தீயதோ? அவசரப்பட்டு முடிவு கூற வேண்டா. 2019இல் நோபெல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் பிறரும் ஐதராபாத்தில் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். 104 பேட்டைகளைத் தேர்ந்து, திருவுளச்சீட்டு முறையில் அவற்றுள் பாதிக்கு மட்டும் முதலில் சிறுகடன் கிடைக்கச் செய்து, இரு திறத்தாரையும் ஒப்பிட்டனர். 2015இல் முடிவுகள் அச்சாயின. கடன் கிடைத்த பேட்டைகளில் தொழிலில் முதலீடு சற்றுக் கூடியிருந்தது. சில வீண் செலவுகள் குறைந்திருந்தன. ஆனால் குழந்தைகளின் படிப்பிலோ, உடல் நலத்திலோ, வீட்டில் பெண்ணின் சொல்லுக்குள்ள மதிப்பிலோ குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை.

இந்த முடிவையும் நெல்லூரின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். கடன் என்பது ஒரு கருவி. அது வயலுக்கு விதை வாங்கித் தரும். கடைக்குச் சரக்கு வாங்கித் தரும். ஊரைத் திருத்துவது அதன் வேலை அன்று. ஊரைத் திருத்தியது பெண்கள் கூடி உட்கார்ந்தது. கணக்கு எழுதக் கற்றது. ஒருத்தி துன்பத்தைப் பிறர் கேட்டது. அதிகாரிமுன் கூச்சமின்றி எழுந்து நின்று பேசியது. கூட்டத்தோடு வந்த கடன் வாழ்வித்தது. கூட்டத்தைத் தின்ற கடன் கெடுத்தது.

நம் குடும்பங்களுக்கு

ஊர் விட்டு வந்த குடும்பத்தின் நிலை தனிப்பட்டது. சொந்த ஊரில் சங்கத்தில் இருந்த பெண், பிழைப்புக்காக வேற்றூர் வந்ததும் அச்சங்கத்தை விட்டு விலக நேர்கிறது. வந்த இடத்தில் நிலையான முகவரி இல்லை, உற்றார் இல்லை, மொழியும் புதிது. இத்தகையவர் வாசலுக்கு முதலில் வருபவர் யார்? கடன் தருகிறோம் என்று வருபவரே. ஆகவே சில செய்திகளை நம் தாய்மார் அறிந்து வைத்திருத்தல் நலம்.

இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்திற்கு ஈடின்றிக் கொடுக்கும் கடனே சிறுகடன் எனப்படும். அக்குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகக் கட்டும் மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகலாகாது. வட்டி முதலிய எல்லாச் செலவும் எழுதிய விவரத்தாளும், கடன் வாங்குவோர்க்குப் புரியும் மொழியில் கடன் அட்டையும் தர வேண்டும். முன்னதாகவே கடனைக் கட்டி முடித்தால் தண்டம் விதிக்கலாகாது. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைத்துத் தொல்லை தரலாகாது, இழிசொல் கூறலாகாது. முன்பு வட்டிக்கு இருந்த உச்சவரம்பு இவ்விதிகளால் நீக்கப்பட்டுவிட்டது. ஆதலின் வட்டி எவ்வளவு என்று கேட்டறிவது முன்னிலும் இன்றியமையாதது.

கேட்கும் முறையும் உண்டு. 10,000 ரூபாய்க்கு வாரம் 225 ரூபாயாக ஐம்பது வாரம் கட்டினால் போதும் என்பர். மொத்தம் 11,250 ரூபாய். வட்டி பன்னிரண்டரை விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் வாரந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக நம் கையில் இருப்பது பாதித் தொகைதான். எனவே உண்மை வட்டி ஏறக்குறைய 25 விழுக்காடு ஆகிறது. 'குறையும் அசலுக்கு ஆண்டு வட்டி எத்தனை?' என்று கேட்பவரை ஏமாற்றுதல் எளிதன்று.

இவற்றினும் மேலானது ஒன்று உண்டு. திங்கள்தோறும் நம் சங்கத்தில் கூடுகிறோம்; விழா எடுக்கிறோம்; குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். அக்கூட்டத்திலேயே பத்துப் பதினைந்து தாய்மார் ஒரு சிறு பெட்டியும் ஒரு கணக்குப் புத்தகமும் வைத்துக்கொண்டால் என்ன? நாளுக்கு ஒரு ரூபாய்க்குப் பதில் இன்று பத்து ரூபாய் சேமிக்க இயலாதவர் நம்மில் மிகச் சிலரே. பதினைந்து பேர்க்கு அது ஆண்டில் 54,000 ரூபாய் ஆகிறது. வேற்றூரில் ஒருவர்க்கு நோய் வந்தால், வேலை போனால், பள்ளிச் சம்பளம் கட்ட இயலாவிட்டால், முதற்கை நம் கையாக இருக்கும். கணக்கு எழுதும் பொறுப்பை ஒருவர்க்கே விட்டுவிடாமல் மாறி மாறி எழுதுதல் வேண்டும். கூட்டத்தில் உரக்கப் படித்தல் வேண்டும். பணம் கைமாறும் இடத்தில் நட்பைக் காப்பது திறந்த கணக்கே.

நெல்லூர்ச் சிற்றூர்ப் பெண்களுக்கு நம்மிலும் கல்வி குறைவு, பொருள் குறைவு. ஆயினும் விளக்கடியில் கூடி உட்காரும் துணிவு இருந்தது. அத்துணிவு நமக்கும் வருமாயின், கடன் கொடுப்பவர் வாசலுக்கு வரும்போது நம் வீட்டுப் பெண் தனியே நிற்கமாட்டாள். அவள் பின்னே பதினான்கு பேர் நிற்பர்.